வாரக் கணக்கு: பள்ளிக்கும் நம் குடிசைக்கும் இடையே ஒரு வரலாறு

நம் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்தும் இந்நன்னாளில், நம் மக்கள் கல்வி பெற்ற வரலாற்றை இம்மலரில் பலரும் எழுதுவர். பள்ளிக் கதவு நமக்கு எவ்வாறு திறந்தது என்பதை அவர்கள் விளக்குவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது போலத் தோன்றும். திறந்த கதவின் வழியே உள்ளே சென்ற நம் பிள்ளை அங்கே எதைக் கற்றது, எதைக் கற்கவில்லை என்னும் செய்தி, அதனைப் பெற்றவர்க்கு யாரால், எப்போது, எவ்வாறு சொல்லப்பட்டது என்பதே அப்பொருள்.

வாரக் கூலி பெறும் நம் மக்கள் சனிக்கிழமை மாலையில் கணக்குப் பார்ப்பர். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று கேட்டுத் தெளிந்த பின்னரே வீடு திரும்புவர். ஆனால், அதே வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்குச் சென்ற பிள்ளையின் கல்விக்கு அத்தகைய கணக்கு நம் வீடுகளில் பார்க்கப்பட்டதில்லை. இதற்கு நம் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று கூறுவோர் உளர். வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகின்றது.

திண்ணையில் எழுந்த ஓசை

ஆங்கிலேயர் காலத்துக்கு முன்பும் அவர் காலத்தின் தொடக்கத்திலும் தமிழகத்து ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் நடந்தன. மணலில் எழுதுதலும், மனப்பாடமும், முறை வைத்து ஒப்பித்தலும் அங்கே கற்பிக்கும் முறைகளாக இருந்தன. தெருவில் நடப்பவர் காதிலும் பிள்ளைகளின் குரல் விழும். நவராத்திரி நாள்களில் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று பாடியும் கோலாட்டம் ஆடியும் ஆசிரியர்க்குக் காணிக்கை பெறுவர். தம் பிள்ளை எவ்வளவு கற்றுள்ளது என்பதைப் பெற்றோர் தம் வீட்டு வாயிலிலேயே கேட்டறிந்தனர். எழுத்தறியாத தாயும் செவியால் அளந்தறியக் கூடிய கல்வியாக அது இருந்தது.

ஆயின், அத்திண்ணை இருந்த தெரு நாம் நடக்கக் கூடாத தெருவாக இருந்தது. அங்கே எழுந்த ஓசை சேரியை எட்டவில்லை. நம் பிள்ளைகள் கல்வியிலிருந்து விலக்கப்பட்டது போலவே, நம் பெற்றோர் கல்வி எவ்வாறு நிகழ்கின்றது என்று கேட்டறியும் வாய்ப்பிலிருந்தும் விலக்கப்பட்டனர். இவ்விரண்டாம் விலக்கினை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேல்நோக்கிச் சென்ற அறிக்கை

1854ஆம் ஆண்டில் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்வு விளைவுக்கேற்ற மானியம் என்னும் முறை புகுந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து, வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். பிள்ளை என்ன கற்றது என்பதை ஆசிரியர் ஆய்வாளர்க்குக் கூறினார். ஆய்வாளர் தம் மேலதிகாரிக்கு எழுதினார். அறிக்கை மேல்நோக்கியே சென்றது. பிள்ளையைப் பெற்றவர் பக்கம் அது திரும்பவே இல்லை.

இம்முறை பின்னர் கைவிடப்பட்டது. எனினும் அது விதைத்த பழக்கம் மறையவில்லை. பள்ளி தன் கணக்கைக் காட்ட வேண்டியது மானியம் தருபவர்க்கே என்னும் எண்ணம் நிலைத்துவிட்டது. 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1920களில் தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளில் தனிப் பள்ளிகளை நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம் அவற்றில் உள்ளது. இவை நமக்குப் பெருநன்மை செய்தன. எனினும் அப்பள்ளிகளின் பதிவேடுகளும் அலுவலகங்களை நோக்கியே சென்றன.

நம் முன்னோடிகள் கண்ட வழி

அறிக்கையை மக்கள் பக்கம் திருப்ப முயன்றோரும் வரலாற்றில் உண்டு. மராட்டிய மண்ணில் சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்கும், 1850களின் தொடக்கத்தில் மகர், மாங்கு மக்களின் பிள்ளைகளுக்கும் புனே நகரில் பள்ளி தொடங்கினர். தேர்வுகளை ஊரார் முன்னிலையில் நடத்தினர். அப்பள்ளியில் பயின்ற மாங்கு இனச் சிறுமி முக்தா, தன் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. பிள்ளை கற்றதை ஊர் அறிந்தது. ஊர் பட்ட துன்பத்தைப் பிள்ளை எழுதியது. பள்ளியும் மக்களும் ஒருவரையொருவர் அறிதல் என்பது இதுவேயாகும்.

தமிழகத்தில் 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நாளடைவில் அவை ஐந்து பள்ளிகளாயின. அம்முயற்சியில் அயோத்திதாசப் பண்டிதர்க்குப் பங்குண்டு. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வாரந்தோறும் வெளிவந்து, பின்னர் 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார்.

சென்னைச் சட்டமன்றத்தில் நம் குரலாக விளங்கிய எம்.சி. இராஜா அவர்கள் ஆசிரியர் பணியிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து அவர் 1930இல் வெளியிட்ட 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் நூல் சிறுவர்க்கான பாடல்களைக் கொண்டது. இளம்பிள்ளைக்குப் பாட்டே முதற்பாடம். பள்ளியில் பாடியதை வீட்டிலும் அது பாடும். அதைக் கேட்கும் தாய்க்கு, பள்ளி அனுப்பும் முதல் அறிக்கை அப்பாட்டே எனலாம்.

அண்ணல் அம்பேத்கரின் இளமையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். பள்ளியில் கோணிப்பையில் தனித்து அமர்ந்தவர். குழாயைத் திறந்துவிடப் பணியாள் வாராத நாளில் நீரின்றித் தவித்தவர். எனினும் அவர்க்கு ஒரு வாய்ப்பு இருந்தது. தந்தை இராம்சி சக்பால் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். மகன் என்ன படிக்கின்றான் என்பதைத் தாமே அறிந்தார். விடியுமுன் எழுப்பிப் படிக்க வைத்தார். பள்ளி அவர்க்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகனின் ஏட்டைப் புரட்டினால் போதும். கற்ற வீட்டுக்கும் கல்லாத வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தோன்றுகின்றது. கற்ற வீட்டில் ஏடே செய்தி சொல்லிவிடும். கல்லாத வீட்டிலோ, எவரேனும் வந்து வாய்திறந்து சொன்னாலன்றி ஏடு ஊமையாகவே கிடக்கும்.

கைநாட்டு இட்ட அட்டை

1961ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய அளவில் அட்டவணைச் சாதியினருள் எழுத்தறிந்தோர் 10.27 விழுக்காடு, 1971இல் 14.67, 1981இல் 21.38. அக்காலத்தில் பள்ளி சென்ற நம் தலைமுறையின் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் கையெழுத்திட அறியாதவர் என்பது இதனால் விளங்கும்.

அந்நாளில் நாம் வீட்டுக்குக் கொண்டுவந்த முன்னேற்ற அட்டையை நினைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணும் தரவரிசையும் அதில் இருந்தன. அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தாயும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. பேனாவின் மையைப் பெருவிரலில் தடவி, அம்மாவின் கையைப் பிடித்து, பெற்றோர் கையொப்பம் என்றிருந்த இடத்தில் நாமே அழுத்தினோம். குறைந்த மதிப்பெண் வாங்கிய நாளிலும் அவ்வாறே செய்தோம். தாயை ஏமாற்றுகின்றோம் என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகின்றது.

நம் பெற்றோரைப் பள்ளி அழைத்ததே இல்லையா எனின், அழைத்தது. பிள்ளை சண்டையிட்டால் அழைத்தது. சாதிச் சான்றிதழ் வேண்டுமெனில் அழைத்தது. உதவித்தொகைப் படிவத்தில் கைநாட்டு வேண்டுமெனில் அழைத்தது. ஒருநாள் கூலியை இழந்து, தலைமையாசிரியர் அறை வாயிலில் துண்டைக் கையில் பிடித்து நின்ற தந்தையர் எத்தனை பேர்! "உங்கள் பிள்ளை இந்த வாரம் கழித்தல் கணக்கைத் தானே போடக் கற்றுக்கொண்டது" என்று சொல்வதற்காக அவர்களை எவரும் அழைத்ததில்லை.

1953இல் வந்த கல்வித் திட்டம், அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோர் தொழில் என்றது. அது நம் வீட்டைக் குலத்தொழிற் பட்டறையாகக் கண்டது. கடும் எதிர்ப்பால் 1954இல் அது கைவிடப்பட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் வந்தன. நூலும் சீருடையும் இலவசமாகக் கிடைத்தன. நம் பிள்ளைகள் பள்ளியில் நிலைத்ததற்கு இவையே காரணம். இத்தனையும் பள்ளி வழியாக நம் வீட்டுக்கு வந்தன. பிள்ளை கற்றதைப் பற்றிய செய்தி மட்டும் வாரவில்லை.

சட்டம் கூறுவது

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. பாடங்கள் ஏணிப் படிகளாக அமைக்கப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் படக்குறியிட்ட அட்டை இருந்தது. எந்தப் படியில் தன் பிள்ளை நிற்கின்றது என்பதை எழுத்தறியாத தாயும் விரல்விட்டு எண்ணிப் பார்க்க இயலும் என்பது அதன் நற்பயன்களுள் ஒன்று.

2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் இதனினும் பெரிய மாற்றம் செய்தது. அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைக் கூறுகின்றது. பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றை அவர்கட்குத் தெரிவித்தல் அக்கடமைகளுள் ஒன்று. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு விகிதப்படி இடம் தரல் வேண்டும்.

150 ஆண்டுகளாக மேல்நோக்கியே சென்ற அறிக்கையைச் சட்டம் நம் பக்கம் திருப்பியுள்ளது. ஆசிரியர் நமக்குச் சொல்வது சலுகையன்று, கடமை. நாம் கேட்பது துணிச்சலன்று, உரிமை. ஆனால், அச்சட்டம் வாரந்தோறும் என்று கூறவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர் நாமே.

நாம் செய்ய வேண்டுவது

நம் சங்கத்தின் மாலை வகுப்பில், வாரத்தில் ஒருநாள் விளக்கு வைத்தபின் பெற்றோரை அழைத்துப் பேசும் வழக்கத்தைத் தொடங்கினோம். முதற் சில வாரங்கள் தாய்மார் வந்து பேசாமல் அமர்ந்திருந்தனர். பின்னர் ஒரு தாய் கேட்டார்: "மூணு வாரமா ஒரே பாடத்திலயே நிக்கிதுன்னு சொல்றீங்களே, ஏன் நிக்கிது?" அக்கேள்விக்குப் பின்னரே நாம் அப்பிள்ளையைக் கூர்ந்து கவனித்தோம். பள்ளியில் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டிருந்த அதற்குக் கரும்பலகை எழுத்துத் தெரியவில்லை. மருத்துவரிடம் காட்டிக் கண்ணாடி வாங்கிய பின் பாடம் நகர்ந்தது. பயிற்றுவித்த நாம் கேட்காத கேள்வியைப் படிக்காத அத்தாய் கேட்டார்.

இளைஞர்களே! இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. உங்கள் தெருவில் தொடக்கப்பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். வேலை முடிந்து பெற்றோர் வீடு திரும்பியிருக்கும் ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நான்கு செய்திகள் போதும்: இவ்வாரம் நடந்த பாடம் எது, பிள்ளை இப்போது தானே செய்ய வல்லது எது, தடுமாறுவது எதில், வீட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி எது. இவற்றை வாயால் சொல்லுங்கள்; எழுதியும் கொடுங்கள். இயன்றவரை பிள்ளையைக் கொண்டே படித்துக்காட்டச் செய்யுங்கள்.

குறையைப் பிறர் முன்னிலையில் கூறாதீர்கள். அதைப் பெற்றவரிடம் தனியே கூறுங்கள். ஒரு பிள்ளையை மற்றொன்றோடு ஒப்பிடாதீர்கள். சென்ற வாரத்து அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள். பள்ளி ஆசிரியரைப் பகைவராகக் கருதாமல், சட்டம் சுட்டும் கூட்டத்தை மரியாதையோடு கேட்டுப் பெறுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார் பெயரளவில் அமராமல், ஒவ்வொரு கூட்டத்திலும் கற்றலைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழுப்பத் துணைநில்லுங்கள்.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு அட்டவணைச் சாதியினருள் எழுத்தறிந்தோர் 73 விழுக்காட்டினர். நம் வீடுகளில் ஏட்டைப் படிக்க வல்லவர் இன்று உளர். எஞ்சியோர்க்குப் படித்துச் சொல்ல வேண்டியவர், அவ்வீடுகளிலிருந்தே படித்து மேலே வந்த நாமன்றோ? பெருவிரலைப் பிடித்து அழுத்திய கை, இனித் தாயின் அருகில் அமர்ந்து அட்டையின் பொருளைச் சொல்லட்டும். நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், தன் பிள்ளை இவ்வாரம் என்ன கற்றது என்று சொல்ல இயலாத தாய் நம் சேரியில் ஒருவரும் இல்லை என்று எழுதும் பேறு அடுத்த தலைமுறைக்கு வாய்க்கட்டும்!