பாடவரம்பும் புலமையும்: உ.வே.சாமிநாதையரின் மாணவப் பருவம்

1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் முதலியவற்றை விரிவாகக் கற்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் பயின்றதுண்டா என வினவினார். அவர் பயின்றதில்லை.

இக்குறை தனிமனிதருடையதன்று, சைவ மடம் சார்ந்த கல்வியில் சமணக் காப்பியங்கள் இடம்பெறாமையின் விளைவு. எனினும் 1887இல் அந்நூலைப் பதிப்பிக்க அவருக்குத் துணைநின்றவை, அக்கல்வி வளர்த்த யாப்பறிவும் ஏட்டுப் பயிற்சியுமே. அக்கல்வி தராத சமயப் பொருளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தார்.

ஆகவே, பழங்கல்வி நவீன ஆய்வுக்கு வழிவிட்டு மறைந்தது என்னும் கருத்து இங்குப் பொருந்தாது. வினா பாடவரம்புக்கு வெளியிலிருந்து எழுந்தது. விடை தேடும் திறனை மரபுக் கல்வியே தந்தது. ஒரு காலத்தின் உயர்கல்வியை மதிப்பிடுவோர், மாணாக்கர் கற்றவற்றோடு அவர்க்குக் கற்பிக்கப்படாதவற்றையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.