அளிக்கம்பையில் கரையும் மொழி

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைப் பெருவீதி அக்கரைப்பற்றை அடைகின்றது. அதற்கு அண்மையில், ஆலையடிவேம்புப் பிரிவில், அளிக்கம்பை என்னும் கிராமம் உண்டு. ஓலைக் கூடாரங்களுடன் ஊரூராய்த் திரிந்து, பாம்பாட்டியும் குரங்காட்டியும் குறி சொல்லியும் வாழ்ந்த மக்களின் வழியினர் அங்கே குடியிருக்கின்றனர். நாம் அவர்களைக் குறவர் என்கிறோம். சிங்களத்தில் அஹிகுண்டக என்பர். அவர்களின் தாய்மொழி தெலுங்கின் ஒரு கிளை, ஏட்டிலேறாத மொழி. காசு கொடுத்து அவர்களின் பாம்பைப் பார்த்த நாம், அவர்கள் தம்முள் பேசியது எம்மொழி என்று கேட்டோமில்லை.

இத்தகைய அலட்சியத்தின் விளைவை ஐரோப்பாவின் ரோமா மக்களது வரலாறு காட்டும். அம்மக்கள் எங்கிருந்து வந்தோர் என்று எவரும் அறியாதிருந்த காலத்தில், ஜெர்மானிய அறிஞர் ரூடிகர் 1782இல் அவர்களின் மொழியை ஆராய்ந்து, அதன் வேர் இந்தியாவில் உள்ளதென நிறுவினார். ரொமானி மொழியில் நீர் 'பாணி', கறுப்பு 'காலோ'. ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது என்னும் எண்களோ கிரேக்கத்திலிருந்து பெற்றவை. எழுதப்படாத வரலாற்றை மொழியே சுமந்து வந்தது.

ரூடிகர் எழுதிய மறு ஆண்டே, 1783இல், இரண்டாம் யோசேப்பு மன்னர் ஹங்கேரியில் அம்மொழியைப் பேசுதலைத் தடுத்தார். மீறியோர்க்குப் பிரம்படி விதித்தார். மாறாக, சோவியத் ஒன்றியத்தில் 1927ஆம் ஆண்டளவில் ரொமானிக்கு எழுத்து வகுக்கப்பட்டது. பாடநூல்களும் சஞ்சிகைகளும் தோன்றின, பள்ளிகள் எழுந்தன, 1931இல் மொஸ்கோவில் ரொமென் நாடக அரங்கு திறக்கப்பட்டது. எழுத்தற்ற மொழி பத்தாண்டுக்குள் வகுப்பறை மொழியாயிற்று. ஆனால் 1938இல் அதே அரசே கொள்கையை மாற்றிப் பள்ளிகளை மூடியது. ரொமானி நூல் வெளியீடும் நின்றது. முற்போக்கை நேசிக்கும் நாம் இவ்வுண்மையையும் மறைத்தலாகாது. மேலிருந்து தரப்பட்டது மேலிருந்தே பறிக்கப்பட்டது. பின்னர் ரோமா மக்களே 1971இல் லண்டனில் முதல் உலக மாநாட்டைக் கூட்டினர். 1990இல் வார்சாவில் பொது எழுத்துமுறையொன்றை ஏற்றனர்.

இங்கே நம் நிலை என்ன? 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் ஆகிய இரண்டில் ஒன்றின் வாயிலாகக் கல்வி பெறும் உரிமையை அளிக்கின்றது. மூன்றாவதொரு தாய்மொழியுடைய குழந்தைக்கு அதில் இடமில்லை. அளிக்கம்பைச் சிறுவர் தமிழில் பயில்கின்றனர். அநுராதபுர மாவட்டத்துக் குடாகமையில் வாழும் அவர்தம் உறவினரின் பிள்ளைகள் சிங்களத்தில் பயில்கின்றனர். ஒரே மக்கள் இரு பெருமொழிகளுக்குள் பிரிந்து கரைகின்றனர். எவரும் தடை விதிக்கவில்லை, எவரும் பிரம்பெடுக்கவில்லை. ஆயினும் யோசேப்பு மன்னர் விரும்பியது ஓசையின்றி நிகழ்கின்றது.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை நாம் மறந்தோமில்லை. தாய்மொழியை இழந்த கல்வி எத்தகைய அவமானம் என்பதை மேடைதோறும் முழங்கினோம். அதே நாம், நமது வகுப்பறையில் தெலுங்கு பேசும் சிறுவன் தன் மொழியை ஒளித்துக்கொள்ளும்போது, 'நன்றாகத் தமிழ் கற்கிறான்' என்று மகிழ்கின்றோம். தமிழ் அவனுக்கு வேண்டும். அதுவே அவனுக்கு வேலையும் வழக்குமன்ற நீதியும் தரும். ஆனால் ஒன்றைக் கற்க மற்றொன்றை மறக்கவேண்டும் என்பது கல்வியன்று.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. முதியோரின் கதைகளையும் தொழிற்சொற்களையும் ஒலிப்பதிவு செய்தல் முதற்பணி. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அச்சமூகத்தார் ஒருவரே அம்மொழியைப் பள்ளியிற் கற்பிக்க இடமளித்தல் அடுத்தது. சிறுவர் அறிந்த தமிழெழுத்திலே அதனை எழுதத் தொடங்கலாம். தெலுங்கின் வல்லொலி மெல்லொலி வேறுபாடுகளைக் காட்டச் சில குறிகள் வேண்டியிருக்கும். தெலுங்கெழுத்தா தமிழெழுத்தா என்று முடிவு செய்ய வேண்டியவர் அம்மக்களே, நாமல்லர்.

சிறுபான்மையின் உரிமை கேட்பவன், தன்னினும் சிறியவனின் உரிமையையும் கேட்டாலன்றி அவன் கேட்பது நீதியன்று. தன் பங்கு மட்டுமே. அளிக்கம்பை நமக்கு அண்மையில்தான் இருக்கின்றது.