காத்தான்குடி உணர்த்தும் பாடம்

பயங்கரவாதத்தின் வேர் எதுவென வினவினால், அநீதியே என விடை கூறி அமைபவர் பலர். இலங்கையின் காத்தான்குடி அவ்விடையை முழுமையாக ஏற்கவில்லை.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. அவ்வூரின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றோரை விடுதலைப் புலிகள் சுட்டனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையின் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் அதே காத்தான்குடியில் பிறந்தவர்.

வணக்கத்தில் இருந்தோரைக் கொல்வதன் கொடுமையை அவ்வூரைவிட நன்கறிந்தவர் யார்? இழப்பே காரணமெனில் ஊரார் அனைவரும் அவ்வழி சென்றிருக்க வேண்டும்; செல்லவில்லை. 2017 மார்ச்சில் ஸஹ்ரான் குழுவினர் வாளேந்தி மோதியதும் அவ்வூர் ஸூஃபி வழியினருடனேயே.

மரக்காணத்தில் கடல்நீர் தானே உப்பாவதில்லை. பாத்தியில் தேக்கி வெயிலில் காய்ச்ச வேண்டும். அநீதி கடல்நீர் எனில், பிறரைக் காஃபிரெனத் தீர்ப்பளிக்கும் தக்ஃபீர் கொள்கையே பாத்தி. ஹிஜ்ரி 40-இல் அலீ (ரலி) அவர்களைக் கூஃபா பள்ளிவாசலில் வெட்டிய காரிஜியக் கொலைஞனுக்கும் அதுவே துணைநின்றது.

குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கோமென அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அது நேரிய அறிவிப்பே. ஆயினும் மரணத்திற்குப் பிந்தியது. தக்ஃபீர் முதன்முதலாக ஒலிக்கும் வகுப்பறையிலும் மிம்பரிலும் அதனை மறுப்பது ஆலிம்களாகிய நம் கடமை.