பிளாக் (ஆங்கிலச் சொல்)

பிளாக் என்பது தமிழ்நாட்டில் நிர்வாகம், வேளாண் ஆய்வு, மருத்துவம் ஆகிய துறைகளில் வெவ்வேறு பொருளில் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். மரக்கட்டை என்பது இதன் பழைய பொருள். கட்டை போல் ஒரே திரளாக இருப்பது, கட்டை போல் வழியை மறிப்பது என்னும் இரு கருத்துகளில் இருந்தே பிற பொருள்கள் கிளைத்தன.

நிர்வாகம்

1952 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டம் ஊர்களைத் தொகுத்துப் பிளாக்குகளாகப் பிரித்தது. தமிழில் இது வட்டாரம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியமும் வட்டார அளவிலேயே அமைந்துள்ளது. தாலுகா என்பது இதனின்றும் வேறானது. அது வருவாய்த் துறையின் பிரிவு, தமிழில் வட்டம். வட்டம், வட்டாரம் என்னும் சொற்கள் ஒலியில் நெருங்கியவை ஆதலால், இரண்டையும் கேட்கும் விண்ணப்பப் படிவங்களில் குழப்பம் நேர்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு வட்டங்கள் நான்கு, வட்டாரங்களும் நான்கு. பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர் ஆகிய பெயர்கள் இரு பட்டியலிலும் உள்ளன. நான்காவது வட்டம் குன்னம். நான்காவது வட்டாரமோ வேப்பூர். எனவே பிளாக் என்ற இடத்தில் குன்னம் என்று எழுதுவது பிழை. வேப்பந்தட்டையில் பெயர் ஒன்றாயினும் அலுவலகங்கள் வேறு. வருமானச் சான்றிதழுக்கு வட்டாட்சியரையும், ஊரக வீட்டுவசதித் திட்டங்களுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரையும் அணுக வேண்டும்.

வேளாண் ஆய்வு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையில் உள்ளது. வயல் சோதனைகளில் பிளாக் என்பது ஏறத்தாழ ஒரே தன்மையுள்ள மண்ணில் அமைந்த பாத்திகளின் தொகுதியைக் குறிக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா இரகங்களையும் குலுக்கல் முறையில் பயிரிட்டால், மண்ணின் வேறுபாடு இரகத்தின் வேறுபாடாகத் தோன்றாது. ரொனால்டு ஃபிஷர் 1926 இல் எழுதிய கட்டுரை இம்முறையை விளக்குகிறது.

பருத்திக்கு ஏற்ற கரிசல் மண்ணைக் குறிக்கும் 'பிளாக் சாயில்' என்பதில் வருவது வேறு சொல். அதன் பொருள் கருப்பு. ஆங்கிலத்தில் உயிரொலி வேறுபட்டாலும் தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

மருத்துவம்

இதயத் தமனியில் கொழுப்புப் படிந்து ஏற்படும் அடைப்பைத் தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் பிளாக் என்பர். ஆங்கிலத்தில் அது 'பிளாக்கேஜ்' ஆகும். 'ஹார்ட் பிளாக்' என மருத்துவர் எழுதினால், இதயத்தின் மேலறைகளில் இருந்து கீழறைகளுக்குச் செல்லும் மின் துடிப்பு தாமதமாவதையோ தடைபடுவதையோ அது குறிக்கும். தமனி அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்தப்படலாம். கடுமையான ஹார்ட் பிளாக்குக்குப் பொருத்தப்படுவது பேஸ்மேக்கர் ஆகும்.