வாயில்லா உயிர்களின் செவிலியர்

'செவிலி' என்பது நம் மொழியின் தொன்மையான சொற்களுள் ஒன்று. ஈன்றவள் ஒருத்தி இருக்க, உடனிருந்து வளர்த்துப் பேணும் மற்றொருத்தியையே சங்க நூல்கள் அப்பெயரால் குறிக்கின்றன. நோயாளியைப் பேணுவோர்க்கு இந்நாளில் நாம் அப்பெயரை வழங்குவது மிகவும் பொருத்தமானதே. மருந்தை விதிப்பவர் மருத்துவர். அது பயன் தரும்வரை அருகிருந்து காப்பவர் செவிலியர். மனிதர்க்கு இவ்விருவரும் வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால் ஆவும் ஆடும் நோயுற்றால் மருத்துவர் ஒருவரே போதும் என்று நாடு நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தின் வரலாற்றையும், அதனால் எல்லைப்புற மாணவர்க்கு நேரும் இடரையும் இங்கு நோக்குவோம்.

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கு அண்மையில் உள்ளது கொல்லயில் ஊராட்சி. தனுவச்சபுரம் அதன் பகுதியே. சிறிது தொலைவு தெற்கே சென்றால் களியக்காவிளை. அதுவே தமிழ்நாட்டின் வாயில். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை இவ்விரு பக்கங்களும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அன்று விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மக்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும் நிலம் இது. மாட்டாஸ்பத்திரி என்று ஒருவரும், மிருகாசுபத்திரி என்று மற்றொருவரும் கூறினும், இருவரும் ஓட்டிச் செல்வது ஒரே பசுவைத்தான்.

கால்நடை மருத்துவக் கல்வி பிரெஞ்சு நாட்டில் பிறந்தது. மாட்டினத்தை அழித்துவந்த வெக்கை நோயை எதிர்க்கும் நோக்கமும் கொண்டு, 1762இல் லியோன் நகரில் பூர்ஜெலா என்பார் முதற்பள்ளியைத் திறந்தார். நம் நாட்டில் லாகூரில் 1882இலும், பம்பாயில் 1886இலும் கல்லூரிகள் எழுந்தன. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் 20 மாணவர்களுடன் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தொடக்கத்தில் பட்டயம் மட்டுமே வழங்கிய அக்கல்லூரி, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாக இத்துறையில் பட்டம் அளிக்கும் பெருமை பெற்றது. இந்தியாவின் முதற் பெண் கால்நடை மருத்துவர் எனப் போற்றப்படும் சக்குபாய் இராமச்சந்திரன் 1952இல் பட்டம் பெற்றதும் அங்கேதான். தென்னாட்டார்க்கு நெடுங்காலம் அக்கல்லூரி ஒன்றே புகலிடம். திருச்சூர் அருகே மண்ணுத்தியில் 1955இல் மற்றொரு கல்லூரி தோன்றிய பின்னரே கொல்லயில் மாணவர்க்கு வடக்கு நோக்கியும் ஒரு வழி பிறந்தது.

இவையெல்லாம் மருத்துவரை உருவாக்கிய வரலாறு. மருத்துவரின் உடன்நின்ற கைகளின் வரலாறோ ஏடுகளில் அருகியே காணப்படுகிறது. பசுவின் உடல்வெப்பம் ஏறத்தாழ 101.5 பாரன்ஹீட் என்றறிந்து அதன் ஏற்றத்தை உணர்தல், மிரளும் விலங்கைத் துன்புறுத்தாது பிடித்தல், கருவிகளைக் கொதிக்கவைத்துத் தூய்மை செய்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், கன்று ஈன்ற பசுவை இரவெல்லாம் கண்காணித்தல் ஆகியவை சிறுபணிகள் போலத் தோன்றும். ஆயினும் இவற்றில் ஒன்று தவறினால் மருத்துவரின் கல்வியனைத்தும் வீணாகும். கம்பவுண்டர் என்றும் உதவியாளர் என்றும் நாம் அழைத்தவர்கள் இவற்றைச் செய்தனர்.

வெக்கை நோய் ஒழிந்த வரலாறே இதற்குச் சான்று. 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவந்த நிலையம் போன்றவை மருந்தை ஆக்கித் தந்தன. ஆனால் அம்மருந்தைக் குளிர் குன்றாமல் ஊரூராகக் கொண்டு சென்று, தொழுவந்தோறும் ஊசி இட்டவருள் பெரும்பாலோர் பட்டம் பெறாத பணியாளரே. 1995க்குப் பின் அந்நோய் இந்தியாவில் தலைகாட்டவில்லை. 2011இல் உலகமே அதனினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே. பெரியம்மை ஒன்று, இது மற்றொன்று.

இனி மனிதர்க்குரிய செவிலியத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குவோம். தமிழகத்தின் வேலூரிலும் தலைநகர் டில்லியிலும் 1946ஆம் ஆண்டிலேயே செவிலியத்திற்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. மறு ஆண்டே நாடு முழுமைக்கும் ஒரு செவிலியர் மன்றம் சட்டத்தால் அமைந்தது. விலங்குச் செவிலியத்திற்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. இங்கிலாந்தில்கூட 1961இல் முறையான பயிற்சி தோன்றியபோது, செவிலியர் என்னும் பெயர் மனிதர் மருத்துவத்திற்கே உரியது என்ற தடை இருந்தமையால், பயின்றோரைத் துணைப் பணியாளர் என்றே அழைத்தனர். 1984இல்தான் அப்பெயர் அவர்க்குக் கிட்டியது. பின்னர் அங்குப் பல்கலைக்கழகப் பட்டமும் வந்தது.

அதே 1984இல் நம் நாட்டிலும் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற மருத்துவரே மருத்துவம் செய்யலாம் என்று அது விதித்தது. தடுப்பூசி, காயடித்தல், புண் கட்டுதல் போன்ற சிறுபணிகளை, சான்றிதழ் பெற்ற உதவியாளர் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம் என்றும், அதற்கு மாநில அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும் என்றும் கூறியது. இங்கிலாந்து அவ்வாண்டில் பெயரைத் தந்தது. நாமோ அனுமதியை மட்டும் தந்தோம்.

இவ்வேறுபாட்டின் பயன் எல்லையில் நன்கு விளங்கும். ஐந்தரை ஆண்டுகள் பயின்று பட்டம் பெறும் மருத்துவரின் பதிவு இந்தியா முழுவதும் செல்லும். உதவியாளரின் சான்றிதழோ ஒவ்வொரு மாநிலத்தின் ஆணையையும் எதிர்நோக்கி நிற்கும். கோமாரி நோய்க்குக் களியக்காவிளையில் எல்லை இல்லை. அந்நோயுற்ற மாட்டைப் பேணும் கைக்கு எல்லை உண்டு. மருத்துவப் பட்டத்திற்கும் இடர் இல்லாமல் இல்லை. பாறசாலைக்கு மண்ணுத்தியைவிடத் திருநெல்வேலி மிக அண்மையது. அங்கு 2012இல் ஒரு கல்லூரி எழுந்துள்ளது. ஆயினும் எல்லைக்கு அப்பால் பிறந்தவர்க்கு அனைத்திந்தியப் பங்காகிய நூற்றுக்கு 15 இடங்களில் போட்டியிடுவதே பொதுவழி.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விலங்குகள்பால் அன்புடைய மகனோ மகளோ இத்துறையை நாடினால், தடுத்தல் தகாது. சேருமுன் மூன்று வினாக்களைக் கேட்டறிதல் நன்று. கிடைப்பது பட்டமா, பட்டயமா, வெறும் சான்றிதழா? அதனை வழங்குவது அரசுத் துறையா, பல்கலைக்கழகமா? வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால் அங்கும் அது செல்லுமா? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே பொருளையும் இளமையையும் அதில் செலவிடுதல் முறையாகும்.

மருத்துவர்க்கு ஒரு பதிவேடு இருப்பது போல விலங்குச் செவிலியர்க்கும் நாடு தழுவிய பதிவேடும் பட்டமும் அமைதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம். வாயில்லா உயிர் தன் நோயைச் சொல்லாது. அருகிருந்து காண்பவரே அதனைச் சொல்ல வேண்டும். அவ்வாறு காணும் கண்ணுக்குக் கல்வியும், பேணும் கைக்கு மதிப்பும் அளிப்பது நம் கடன்.