செஞ்சிக் கோட்டையும் திரைப்படச் சுவரொட்டிகளும்

செஞ்சியில் இராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் ஒரு பள்ளிவாசல் உண்டு. ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் பெயரால் வழங்கும் அது 1717-18-இல் எழுந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1714 அக்டோபரில், நிலுவைக் கப்பத்தைக் கட்ட மறுத்து நவாபின் பெரும்படையை எதிர்த்த தேஜ் சிங் என்னும் பந்தேலர் குல இளைஞர் போர்க்களத்தில் மாண்டார். வயது இருபத்திரண்டு. அவரைத்தான் தமிழ் மக்கள் தேசிங்கு ராஜன் என்று மூன்று நூற்றாண்டுகளாக நினைத்து வருகின்றனர். அதே களத்தில் அவருக்காக உயிர் நீத்தவர் அவருடைய தோழர் மகபத்துகான். மணக்கோலத்தைக் களைந்துவிட்டுப் போருக்கு வந்தார் என்று நாட்டார் கதை கூறும் அவருடைய அடக்கத்தலம் செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் இருக்கிறது. எதிரே நின்ற நவாபும் முஸ்லிம். தோளோடு தோள் நின்ற தோழரும் முஸ்லிம். இந்த ஒன்றை மறந்தால் செஞ்சியின் கதையே விளங்காது.

கல்வெட்டைப் படித்தா மக்கள் இக்கதையை அறிந்தனர்? இல்லை. முதலில் கதைப்பாடலாகக் கேட்டனர். பிறகு பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் வாங்கினர். கிஸ்ஸாக்களையும் படைப்போர்களையும் இராகத்தோடு வாசிக்கக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அந்தச் சுவை புதிதன்று. அதன்பின் தெருக்கூத்தும் நாடகமும் வந்தன. 1960-இல் டி. ஆர். ரகுநாத் இயக்க, எம்.ஜி.ஆர். நடிக்க, ‘ராஜா தேசிங்கு’ திரைப்படமாகவும் வந்தது. அதே ஆண்டில் அதே நடிகர் ‘பாக்தாத் திருடன்’ ஆகவும் தோன்றினார். ஆக, ஓராண்டிற்குள்ளேயே ஒரே முகம் செஞ்சி மன்னராகவும் பாக்தாத் வீரராகவும் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டப்பட்டது.

அந்தத் தாள்களைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

சாகசப் படங்களின் பழைய சுவரொட்டிகளைத் தேடிச் சேர்ப்பவர்களைக் கண்டு சிலர் நகைப்பர். குப்பைத் தாளுக்கு இத்தனை ஆரவாரமா என்பர். அந்தத் தாளின் பிறப்பை அறிந்தவர் அப்படிச் சொல்லார். ஓவியர் முதலில் வண்ணத்தில் தீட்டுவார். அதை லித்தோ முறையில் அச்சிட ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லோ தகடோ வேண்டும். ஒரே தாள் அத்தனை முறையும் இம்மியும் பிசகாமல் இயந்திரத்துள் போய்வர வேண்டும். தாள் பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக அச்சிட்டுச் சுவரிலேயே பொருத்துவார்கள். 1951-இல் வந்த ‘மர்மயோகி’யும் 1955-இல் வந்த ‘குலேபகாவலி’யும் கறுப்பு வெள்ளைப் படங்கள். பச்சை அங்கியும் செந்நிறத் தலைப்பாகையும் திரையில் எங்கே இருந்தன? அவற்றைச் சுவரில் படைத்துக் காட்டியவர் ஓவியரே. முழு வண்ணத்தில் வெளிவந்த முதல் தமிழ்ப் படம் 1956-ஆம் ஆண்டின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அதை எடுக்கும் வரையில் பாமர மக்களுக்கு வண்ணம் என்பது பெரும்பாலும் கொட்டகைக்கு வெளியேதான் இருந்தது.

அலிபாபாவும் பாக்தாதும் குலேபகாவலியும் எங்கிருந்து வந்தன என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அரபு நாட்டு ஆயிரத்தோரு இரவுகளும், பாரசீகத்திலும் உருதுவிலும் வழங்கிய காதற்கதைகளும் தமிழ்ச் சுவர்களுக்கு வந்து சேர்ந்த வரலாறு அது. 1924-இல் அமெரிக்கர் எடுத்த ‘பாக்தாத் திருடன்’ உலகெங்கும் ஓடியது. 1940-இல் இங்கிலாந்துக்காரர் அதே பெயரில் எடுத்தபோது நடித்த சாபு, மைசூர் நாட்டு யானைப்பாகரின் மகன், முஸ்லிம் சிறுவன். உலகப் புகழ்பெற்ற அந்தப் படத்தின் சுவரொட்டியிலும் நம் நாட்டு முகமே இருந்தது.

இத்தனை உழைப்பில் பிறந்த தாளின் ஆயுளோ ஒரு வாரம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவார்கள். மாடு தின்னாதிருக்க அது ஓர் உபாயம். மாடு அதையும் மீறித் தின்றது என்பது வேறு செய்தி. அடுத்த வாரப் படம் முந்திய வாரப் படத்தின்மேல் ஒட்டப்படும். அமாவாசை இரவுகளில் பெருங்கூட்டம் கூடும் மேல்மலையனூருக்குச் செஞ்சியிலிருந்து செல்லும் சாலை போன்ற இடங்களில் ஒரு வெற்றுச் சுவருக்கு எவ்வளவு போட்டி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். மழை ஒன்று வந்தால் அத்தனையும் போயிற்று. ஆதலால் இன்று எஞ்சியுள்ளவை பெரும்பாலும் சுவரில் ஒட்டப்படாத தாள்களே. விநியோகஸ்தர் அலுவலகத்தில் மிஞ்சியவை, அச்சகத்தார் மாதிரிக்கு எடுத்து வைத்தவை, டூரிங் டாக்கீஸ்காரர் மறந்துபோன கட்டுகள் ஆகியன அவை.

படச்சுருள் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்கலாம். படச்சுருள் இருக்கிறதா என்பதே நம் கேள்வி. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று பிரதியாகக் கிடைக்கவில்லை. விளம்பரங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் கொண்டே அதை அறிகிறோம். 1927-இல் அமெரிக்காவில் வந்த ‘நள்ளிரவுக்குப் பின் இலண்டன்’ என்னும் மர்மப் படமும் தொலைந்ததே. அதன் சுவரொட்டி ஒன்று மட்டும் 2014-இல் 4,78,000 டாலருக்கு ஏலம் போயிற்று. அந்தத் தொகையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. படம் அழிந்தபின் தாளே படம் ஆகிவிட்டது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இதைப் பணத்துக்காக அல்லாமல் செய்தவர்கள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், விளம்பரத் துண்டு என்று பிறர் எறிந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. பிலிம் நியூஸ் ஆனந்தன் புகைப்படமும் செய்தியுமாகத் திரட்டியதைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. 2016-இல் அவர் மறையும் வரை தமிழ்ப் படம் எதைப்பற்றி ஐயம் எழுந்தாலும் எல்லோரும் அவரிடமே சென்றனர்.

ஆயினும் சேகரிப்போரிடம் நமக்கு ஒரு குறை உண்டு. நடிகரின் முகத்துக்காகவே பலர் சேர்க்கின்றனர். சுவரொட்டி வரலாறு சொல்லப் பிறந்ததன்று; டிக்கெட் விற்கப் பிறந்தது. எவர் பெயருக்குக் கூட்டம் வருமோ அவரே அதில் பெரிதாக நிற்பார். கதைப்பாடலோ அப்படியன்று. தேசிங்கைப் பாடிய வாய் மகபத்துகானையும் நிறுத்திப் பாடியது. பாராசாரி என்னும் குதிரையையும் விடவில்லை. திரைப்படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம் அமைந்தது. கதையும் அதற்கேற்ப வளைந்தது. ஆகவே ‘ராஜா தேசிங்கு’ தாளை வைத்திருப்பவர் அதன் அருகே பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்தையும் நீலாம்பூண்டி அடக்கத்தலத்தின் படத்தையும் வைக்க வேண்டும் என்போம். மூன்றும் சேர்ந்தால்தான் தோழமை கண்ணுக்குத் தெரியும். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பார்க்க வருவோர் பெருகுவர். அவர்களுக்குக் கல்லைக் காட்டலாம். கதை மக்களிடம் எப்படி நடந்து வந்தது என்பதைக் காட்டத் தாள்தான் வேண்டும்.

வாங்குவோர் ஏமாறாதிருக்கவும் ஒரு வார்த்தை. பழந்தாளைப் புகைப்படம் எடுத்து அச்சிட்டு மூலம் என்று விற்பது கள்ள நாணயம் அடிப்பதற்கு ஒப்பானது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மறுபதிப்பில் ஒழுங்கான புள்ளிக் கோலம் தெரியும். கல்லச்சில் மணல் தூவியது போன்ற பரவல் இருக்கும். அடிவிளிம்பில் அச்சகத்தின் பெயரும் ஊரும் உண்டா என்று நோக்குக. அச்சிட்டவர் பெயரைப் பொறிக்கும்படி 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது.

வீட்டுப் பெட்டியில் அத்தகைய தாள் ஒன்று கிடந்தால் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி ஒட்ட வேண்டாம். பிறகு அதைப் பிரிக்க இயலாது. மடிப்பில்தான் முதலில் கிழியும் என்பதால் மடிக்காமல், அகன்ற குழலில் சுருட்டி, ஈரமும் இராமபாணப் பூச்சியும் அணுகாத இடத்தில் வைக்கலாம். எந்த ஊர்க் கொட்டகையில், எந்த ஆண்டில், யாரிடமிருந்து கிடைத்தது என்பதைப் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதி வைக்கவும். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.