தலையெழுத்தும் வால்பகுதியும்: எச்.டி.டி.பி.யில் பாதிவழிப் பிழையின் வரலாறு

ஒரு சர்வர் பத்தாயிரம் வரிகள் கொண்ட அறிக்கையை அனுப்பத் தொடங்குகிறது. முதல் வரியிலேயே ‘200’, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லிவிடுகிறது. நாலாயிரமாவது வரியில் தரவுத்தளத் தொடர்பு அறுந்தால் அந்த 200-ஐத் திரும்பப் பெற வழியில்லை. அது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. இதை நிரலாளரின் கவனக்குறைவாகப் பேசுவதே வழக்கம். நெறிமுறைகளின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. வேலை முடியுமுன் தீர்ப்பை எழுதிவிடும் வடிவமைப்பே இதன் வேர். பின்னால் வந்த முக்கியத் திருத்தங்கள் பதிலின் கடைசியில் ஒரு சொல்லுக்கு இடம் தேடியவையே.

எச்.டி.டி.பி.க்கு மூத்ததான எஃப்.டி.பி.யில் இந்தச் சிக்கல் இல்லை. 1985 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 959-இன்படி கட்டளைக்கு ஓர் இணைப்பு, கோப்புக்கு வேறோர் இணைப்பு. தொடக்கத்தில் 150 வரும்; முழுக்க அனுப்பியானதும் 226 வரும்; இடையில் இணைப்பு அறுந்தால் 426, சர்வரிலேயே கோளாறு என்றால் 451. சி.இ.ஆர்.என். ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் விவரித்த எச்.டி.டி.பி. எளிமைக்காக இதையெல்லாம் விட்டுவிட்டது. ஒரே இணைப்பு, அது மூடினால் பதில் முடிந்தது. நிலைக்குறியீடே கிடையாது. பிழைச் செய்தியையும் நல்ல பதிலையும் படித்துப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும் என்று அந்த விவரிப்பே ஒப்புக்கொள்கிறது. 1996 மே மாதத்து ஆர்.எஃப்.சி. 1945 நிலைக்குறியீட்டை ஆவணப்படுத்தியது. ஆனால் அதன் இடம் பதிலின் தலையில். வட்டிலுள்ள சிறு கோப்புகளுக்கு அது போதும், ஏனென்றால் அளவு முன்பே தெரியும், அதையும் தலையிலேயே சொல்லிவிடலாம். நிரல் உருவாக்கும் பக்கத்துக்கு அளவு தெரியாது. ஆகவே இயல்பாக முடிந்த பதிலும் நடுவில் செத்த பதிலும் வாங்குபவருக்கு ஒன்றுபோலவே தெரிந்தன.

1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1 பதிலைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையைத் தந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு. பூஜ்ய அளவுள்ள துண்டு வந்தால் முடிவு. அதன்பின் ‘டிரெய்லர்’ என்ற வால்பகுதிக்கும் இடமுண்டு. பூஜ்யத் துண்டு வராவிட்டால் பதில் குறையானது என்று பொருள். மௌனமே சமிக்ஞையாயிற்று. அரைகுறையாக நின்ற பதிலை வாங்குபவர் அப்படியே ஏற்றுக்கொண்டால் என்னாகும் என்பதை 2014-இல் வெளியான ‘குக்கீ கட்டர்’ தாக்குதல் காட்டியது. தாக்குபவர் டி.எல்.எஸ். என்ற மறையாக்க இணைப்பைப் பதிலின் தலைப்பகுதியின் நடுவில் வெட்டுவார். குக்கீயைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே அனுப்பச் சொல்லும் ‘செக்யூர்’ என்ற சொல் விழுந்துபோகும். சில பிரௌசர்கள் அந்த அரைகுறை வரியை ஏற்றுக்கொண்டன.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை விதி நாகரிகமற்றதாகத் தோன்றலாம்: பாதியில் பிழை வந்தால் இணைப்பை அறுத்துவிடு. பணிவான சர்வர்தான் இங்கே ஆபத்தானது. அது பிழைச் செய்தியை உடற்பகுதியில் எழுதி, பூஜ்யத் துண்டும் வைத்து அழகாக முடிக்கிறது. சி.எஸ்.வி. கோப்பில் மன்னிப்புக் கடிதம் கடைசி வரிசையாகச் சேர்கிறது. இடையிலுள்ள கேஷ் அதை முழுப் பதிலாகச் சேமிக்கிறது. பிழைச் செய்தியிலுள்ள அட்டவணைப் பெயர்களும் கோப்புப் பாதைகளும் வெளியே கசிகின்றன. 2017-இல் வெளியான கோ மொழியின் 1.8 பதிப்பு, பதிலை வேண்டுமென்றே கைவிடுவதற்கென்று ‘எர் அபார்ட் ஹேண்ட்லர்’ என்ற மதிப்பைச் சேர்த்தது. 2015-இன் எச்.டி.டி.பி. 2-இல் மொத்த இணைப்பையும் பலியிட வேண்டியதில்லை. அதே இணைப்பில் பழுதான பதில் செல்லும் ஓடையை மட்டும் நிறுத்தலாம்.

முழுப் பதிலையும் நினைவகத்தில் திரட்டிவிட்டு அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். சிறு பதிலுக்குச் சரி. பெரிய அறிக்கைகளை ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டால் நினைவகம் தாங்காது. முடிவே இல்லாத நிகழ்வோடைக்கு அது பொருந்தவே பொருந்தாது. முதல் சில கிலோபைட்டுகளை மட்டும் பஃபரில் பிடித்து வைப்பது நல்ல நடுவழி, ஏனென்றால் அனுமதி மறுப்பு, தவறான வினவல் போன்றவை தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். அடுத்த ஆட்சேபம் வலுவானது: அறுந்த இணைப்பு காரணம் சொல்லாது, பிணையக் கோளாறா, சர்வர் கோளாறா என்று தெரியாமல் வாங்குபவர் திரும்பத் திரும்பக் கேட்பார். இதற்காகவே 2015-இல் கூகுள் வெளியிட்ட, தொலைவிலுள்ள சர்வரின் செயல்களை அழைக்கும் ஜி.ஆர்.பி.சி. தன் உண்மையான தீர்ப்பை வால்பகுதியில் வைத்தது. ஆனால் பிரௌசரின் ஸ்கிரிப்டுகளுக்கு வால்பகுதி எட்டாது. எனவே அதன் வலைவடிவம் வால்பகுதியை உடலின் கடைசிக்கே கொண்டுவந்தது.

அப்படியானால் பிழையை உடலில் எழுதும் 1991-க்கே திரும்பிவிட்டோமா? இல்லை. அன்று வாங்குபவர் ஊகிக்க வேண்டியிருந்தது. இன்று பிழைக்கான இடமும் முடிவுக்குறியும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டவை, குறி வராவிட்டால் அதுவே பிழை. அத்தகைய இடத்தை ஒதுக்கிய வடிவங்களில் மட்டுமே உடலில் பிழை எழுதுவது பாதுகாப்பானது. சி.எஸ்.வி.யிலோ படக்கோப்பிலோ அந்த இடம் இல்லை. அவற்றை அனுப்பும் சர்வர் இணைப்பையோ ஓடையையோ அறுக்கத்தான் வேண்டும்.